நாலேகால் மணி வெயில்

சாயங்காலம் நாலு மணியானால் எங்கள் மாமாவின் துணிக்கடையில் ஒரு குடிபெயர்ச்சி நடக்கும். வேலை பார்க்கிற பெண்கள் இரண்டு பேரும் முகப்பு ஸ்டாண்டில் தொங்குகிற சேலைகளை அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்க அலமாரிக்குப் போவார்கள். ஆறு மணிக்கு மறுபடி கொண்டுவந்து மாட்டுவார்கள். பொம்மையை மட்டும் யாரும் நகர்த்துவதில்லை. அதன் பீடம் தரையோடு திருகியிருக்கிறது. போன சித்திரையில் அது கட்டியிருந்த மெரூன் சேலைக்கு வைகாசி பிறக்கும்போது இரண்டு நிறம். சுவர்ப்பக்கம் மெரூன், தெருப்பக்கம் காய்ந்த செம்மண். "டபுள் ஷேடுன்னு சொல்லி வித்துடலாமா மாமா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. அந்தக் கண்ணாடி முகப்பை வரைந்து கொடுத்தவன் நான்தான்.

ஊர் அவலூர்பேட்டை. செஞ்சிக் கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கு இந்தப் பெயர் அவ்வளவாகத் தெரியாது. சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிறவர்களுக்கும், மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய் வருகிறவர்களுக்கும் தெரியும். நான் பிழைப்பது பாண்டிச்சேரியில், கட்டட வரைபடம் போட்டு. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால் பாதி நாள் மாமா கடையில்தான் போகும்.

பழைய கடை ஓட்டுக் கட்டடம். மேற்குப் பார்த்தது. முன்னால் ஆறடித் தாழ்வாரம், அதன் விளிம்பில் தாத்தா காலத்துத் தட்டி. மாசி முடியும்போதே தட்டி கட்ட ஆள் வந்துவிடுவார். மூங்கில் பிளாச்சு, தென்னங்கீற்று, கயிறு, அவ்வளவுதான் சாமான். மேல்விளிம்பு மட்டும் கட்டியிருக்கும். காலையில் கீழ்விளிம்பைத் தூக்கி இரண்டு கொம்பால் முட்டுக்கொடுத்தால் அது பந்தல். சாப்பாட்டு வேளை தாண்டியதும் கொம்பை எடுத்துவிட்டால் அதுவே சுவர். வியாபாரம் நன்றாக நடந்த வருஷங்களில் வெட்டிவேர்த் தட்டி தொங்கும். மூன்று மணிக்கு ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் வீசுவது என் வேலை. பாதி தட்டியில் விழும், பாதி என் சட்டையில்.

கடையை இடித்துக் கட்டியபோது மாமா சொன்னது ஒரே வாக்கியம்: "திருவண்ணாமலைல பெரிய கடைங்க இருக்கற மாதிரி வேணும்டா." நானும் வரைந்தேன். பன்னிரண்டு அடி அகலம், பத்தடி உயரத்துக்கு ஒரே கண்ணாடி. சுற்றிலும் ஏசிபி ஷீட். மேலே வழக்கமான இரண்டடி சன்ஷேடு. கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படம் போட்டுக் காட்டியபோது வீடே கூடி நின்று பார்த்தது. படத்தில் வெயில் அழகாகத்தான் விழுந்தது. அந்த மென்பொருளில் ஊரையும் திசையையும் கொடுத்தால், எந்த மாதம் எந்த மணிக்கு நிழல் எங்கே விழும் என்று அதுவே காட்டும். நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. படத்தில் அடித்தது எந்த நாட்டு வெயிலோ.

காசு வாங்காமல் போட்ட படம் என்று மாமா இன்றைக்கு வரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் கஷ்டம்.

பிறகு ஒரு ராத்திரி உட்கார்ந்து, முதலில் போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரை டிகிரி வாக்கில் இருக்கிறது. ஏப்ரல் 22, 23 தேதிகளில் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். செங்குத்தாக நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. ஆகஸ்ட் 20 வாக்கில் இன்னொரு முறை. உச்சியில் இருக்கிற வரை நம் சன்ஷேடு மகாராஜா. ஆனால் அங்கிருந்து சூரியன் நேராக மேற்கில் இறங்குகிறது, தெற்கே வடக்கே அதிகம் சாயாமல். நாலேகால் மணிக்கு அது தொடுவானத்துக்கு முப்பத்தோரு டிகிரி மேலே நிற்கும். அந்த நேரத்தில் இரண்டடி சன்ஷேடு கீழே தருகிற நிழல் ஒன்றேகால் அடிக்கும் குறைவு. ஐந்தேகாலுக்கு அரையடி சொச்சம். பத்தடிக் கண்ணாடிக்கு அரையடி நிழல்! கோவணத்தைத் தலைப்பாகையாகக் கட்டிய கதை.

அந்த நேரத்தில் மேற்குச் சுவரில் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 600 வாட் வெயில் விழும். பன்னிரண்டுக்குப் பத்தடி என்றால் பதினோரு சதுர மீட்டர். ஆறரைக் கிலோவாட்டுக்கு மேல். துணி தேய்க்கிற அயர்ன் பாக்ஸ் ஆறேழை வரிசையாக ஆன் செய்து முகப்பில் வைத்த மாதிரி. சாதாரணக் கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். அதை வெளியேற்ற மட்டுமே ஒன்றரை டன் ஏசி ஒன்று முழு மூச்சாக ஓட வேண்டும். மாமா கடையில் இருந்ததே ஒன்றரை டன் ஏசி ஒன்றுதான். ஆட்கள், விளக்குகள், மேலே காய்ந்த மொட்டைமாடி எல்லாம் அதற்கு மேல்பாரம். "ஏசி வேலை செய்யல" என்று மெக்கானிக்கை மூன்று முறை வரவழைத்தார்கள். பாவம், அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

முதல் வைத்தியம் உள்ளே திரை. அத்தை நல்ல கனத்த துணியில் தைத்துத் தந்தார். வெளிச்சம் போனது, சூடு போகவில்லை. இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. வெயில் ஒளியாகக் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வருகிறது. திரையில் பட்டதும் சூடாக மாறிவிடுகிறது. அந்தச் சூட்டைக் கண்ணாடி திரும்ப வெளியே விடாது. திருடனை வீட்டுக்குள் விட்டபிறகு அறைக்கதவைச் சாத்துகிற வேலைதான் உள்திரை. வெளிர் நிறத் துணியானால் ஒளியில் கொஞ்சத்தைக் கண்ணாடி வழியாகவே திருப்பி அனுப்பும். அத்தை தைத்தது கரும்பச்சை.

இரண்டாவது வைத்தியம் கறுப்பு சன் ஃபிலிம். ஒட்டின அன்றைக்கே, கடை மூடியிருக்கிறதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். பட்டப்பகலில் எல்லா டியூப்லைட்டும் எரிந்தது. ஃபிலிம் வெயிலைக் குடித்துத் தானே சூடேற, கண்ணாடியில் கை வைக்க முடியவில்லை.

மூன்றாவதுதான் வேடிக்கை. நர்சரிக்காரர்கள் போடுகிற பச்சை ஷேட் நெட்டை வாங்கி வெளியே கட்டினோம். சூடு நன்றாகவே குறைந்தது. அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் மண்டையில் உறைத்தது: விலை மலிந்த வலை வெளியே நின்றால், விலை கூடின திரை உள்ளே நிற்பதைவிடப் பெரிய வேலை செய்கிறது. ஆனால் கடை முழுக்கப் பச்சை வெளிச்சம். மஞ்சள் சேலை எலுமிச்சங்காய் ஆனது. ரோஜா நிறம் சாம்பல் அடித்தது. நிச்சயதார்த்தத்துக்குச் சேலை எடுக்க வந்த ஒரு பெரியம்மா ஒவ்வொரு சேலையாகத் தெருவுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். நாலாவது சேலைக்குப் பிறகு, "இன்னாப்பா இது, கடைக்குள்ள ஆஸ்பத்திரி மாதிரி கீது" என்று சொல்லிவிட்டு அப்படியே போய்விட்டார். மறுநாள் வலையைக் கழற்றி அத்தையின் மாடித் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டோம். துளசி நன்றாக இருக்கிறது.

அந்த வாரம் பாண்டிச்சேரிக்குத் திரும்புகிற வழியில் செஞ்சியில் இறங்கிக் கோட்டைக்குப் போனேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்து சேர்ந்தது இது ஒன்றுதான். அதற்கப்புறம் வெளியூர்க் கூட்டம் கொஞ்சம் கூடியிருக்கிறது. எல்லோரும் கோட்டையின் ராஜகிரி மலை ஏறுவதற்கு முன் கல்யாண மகாலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நானும் பள்ளிச் சுற்றுலாவில் எடுத்தவன்தான். இந்த முறை வேறு கண்ணோடு பார்த்தேன்.

நடுமுற்றத்தில் அடுக்கடுக்காக எழும்புகிற கோபுரம். ஒவ்வொரு அடுக்கிலும் நடுவில் எட்டடிச் சதுரத்தில் ஓர் அறை, அவ்வளவுதான். அதைச் சுற்றி நாலு பக்கமும் வளைவுகள் வைத்த தாழ்வாரம். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் முதலில் வளைவில் மோதும், பிறகு தாழ்வாரத் தரையில் விழும், அறைச் சுவருக்கு வந்துசேர்வது மிச்சம் மீதிதான். காற்றுக்கு மட்டும் தடையில்லை. கோட்டைக்கு வெளியே உள்ள குளத்திலிருந்து மண்குழாய் வழியாக மேல் அடுக்குகளுக்குத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள் என்பதைத்தான் வழிகாட்டிகள் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அன்றைக்கு அந்தத் தாழ்வாரம்தான் பெரிதாகத் தெரிந்தது. இடத்தில் பெரும்பகுதியை நிழலுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அறைக்கு வைத்திருக்கிறான் கட்டினவன். நாம் மனையின் கடைசி அங்குலம் வரை கடையாக்கிவிட்டு, விளிம்பில் கண்ணாடியை வைக்கிறோம்.

சரி, மாமாவிடம் போய் முன்னால் ஆறடியை இடித்துத் தாழ்வாரம் விடுங்கள் என்று சொல்ல முடியுமா? அடிக்க வருவார். இடம் தின்னாத நிழல் வேண்டும்.

அதற்கு விடை பாண்டிச்சேரியிலேயே இருந்தது. அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதிக் கட்டடம் கோல்கொண்டே. 1937ல் வேலை தொடங்கி நாற்பதுகளில் முடிந்தது. வரைந்தவர் செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் தொழில் செய்த அன்டோனின் ரேமண்ட். கூட இருந்து கட்டியவர்கள் பிரான்டிசெக் சாமரும் ஜார்ஜ் நகாஷிமாவும். நகாஷிமாதான் பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமானுக்குப் பேர்பெற்றவர். ஹைதராபாத் நிஜாம் அரசிடமிருந்து ஒரு லட்ச ரூபாய் கிடைத்ததால் அந்த ஊர்க் கோட்டையின் பெயரைக் கட்டடத்துக்கு வைத்தார்கள். கோட்டை ஊர்க்காரனான எனக்கு இதில் ஒரு அல்ப சந்தோஷம்.

அதன் வடக்கு முகத்திலும் தெற்கு முகத்திலும் கண்ணாடி ஜன்னலே கிடையாது. தளத்துக்குத் தளம், மேலிருந்து கீழ்வரை படுக்கை வாட்டில் சிமெண்ட் பலகைகள். உள்ளிருந்து கைப்பிடியைத் திருப்பினால் பலகைகள் சேர்ந்து திரும்பும். வெயிலுக்கும் மழைக்கும் மூடலாம், காற்றுக்குத் திறக்கலாம். அறைக்கும் நடைபாதைக்கும் இடையில் இருக்கிற தள்ளுகதவுகூடத் தேக்குச் சட்டங்களால் ஆனது, மூடினாலும் காற்று போகும். கூரை இரட்டைக் கூரை. காங்கிரீட் தளத்துக்கு மேலே வளைந்த காங்கிரீட் ஓடுகள், நடுவில் காற்று போக இடைவெளி. ஏசி என்பது நம் ஊரில் கற்பனையில்கூட இல்லாத காலம். எண்பது வருஷம் ஆகியும் பலகைகள் திரும்புகின்றன.

முக்கியமான சங்கதி, அந்தக் கட்டடம் நீளவாட்டில் கிழக்கு மேற்காகப் படுத்திருக்கிறது. பெரிய முகங்கள் வடக்கும் தெற்கும். மேற்கு வெயிலுக்குக் காட்டுவது ஒல்லியான விலாவை மட்டும். வடக்கு தெற்குப் பார்த்த கடைக்காரர்கள் புண்ணியம் செய்தவர்கள். மார்கழி நடுப்பகலில் தெற்கே சாய்கிற சூரியன்கூட ஐம்பத்துநாலு டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதற்கு இரண்டடி சன்ஷேடு இரண்டேமுக்கால் அடி நிழல் தரும். பாடம் எல்லாம் மேற்குப் பார்த்தவனுக்குத்தான்.

அப்படி மேற்குத் தெருவைப் பார்த்து நிற்கிற ஒரு கட்டடம் அகமதாபாத்தில் இருக்கிறது. மில் முதலாளிகள் சங்கத்துக்காக லெ கொர்புசியே 1954ல் கட்டியது. முகப்பு முழுக்கக் காங்கிரீட் பலகைகள் நெட்டாக நிற்கும். சுவருக்கு நேர்குத்தாக அல்ல, சாய்வாகத் திருப்பி வைத்தது. பின்னால் ஆற்றுப் பக்கம் கிழக்கு முகத்தில் நேர்குத்தாக வைத்திருக்கிறார். இதற்குப் பிரெஞ்சில் பெயர் 'பிரீஸ் சொலே', வெயிலை உடைப்பது. தாத்தா அதைத் தட்டி என்றார்.

அரசாங்கம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. 2007ல் வந்து 2017ல் திருத்தப்பட்ட ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, சுவரில் கண்ணாடி 40 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்றது, வெளி நிழலுக்குக் கணக்கில் சலுகையும் தந்தது. ஆனால் அது 100 கிலோவாட் மின்சுமையோ அதற்கு மேலோ உள்ள பெரிய வணிகக் கட்டடங்களுக்கு. பேட்டைக் கடைத்தெருவுக்கு அது எட்டாது.

கடைசியில் தாத்தாவின் தட்டியையே இரும்பில் வரைந்தேன். ஒன்றரை இன்ச் ஸ்கொயர் பைப்பில் மூன்று சட்டங்கள். மேல்விளிம்பில் கீல். சட்டத்துக்குள் நாலு இன்ச் அகல அலுமினியப் பட்டைகள், வெளிவிளிம்பு கீழே பார்த்து நாற்பத்தைந்து டிகிரி சாய்வு, மூன்றரை இன்ச்சுக்கு ஒன்று. இந்தச் சாய்விலும் இடைவெளியிலும் சித்திரை வெயிலை ஐந்தரை மணி வரை நேரடியாக ஒரு கோடுகூட உள்ளே விடாது. அதற்கப்புறம் வருகிற வெயிலுக்குப் பல் போயிருக்கும். நிறம் வெள்ளை, பச்சையில் பட்ட சூடு போதும்.

வெல்டிங் பட்டறை அண்ணன் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணாடிய ஒட்டி அடிச்சிடலாம் தம்பி, பைப்பு மிச்சம்" என்றார். நான் ஓரடி தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். பட்டைகளும் சுடும், சூடான காற்று அந்த ஓரடிச் சந்தில் மேலே ஏறிப் போய்விடும். ஒட்டி வைத்தால் சூட்டைக் கண்ணாடிக்கே கொடுத்துவிடும். "அப்ப புகைபோக்கி மாதிரி" என்றார். அவ்வளவுதான், ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சன்ஷேடுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நான்கு விரற்கடை திறப்பு விடச் சொன்னதும் அவர்தான், நான் மறந்திருந்தேன்.

காலையில் மூன்று சட்டத்தையும் தூக்கிக் கம்பி முட்டுக்கொடுத்தால் பந்தல். மூன்றரைக்கு இறக்கினால் சுவர். மொத்தச் செலவு இன்னொரு ஏசி வாங்குகிற காசைவிடக் கொஞ்சம் குறைவுதான், அதிகம் குறைவில்லை.

எல்லாம் சுபம் என்று எழுத ஆசை. இரண்டாவது வாரமே சந்துக்குள் புறா குச்சி பொறுக்கிக் கொண்டுவந்து வைத்தது. பக்கவாட்டில் கோழி வலை அடித்தோம். பட்டைகளில் புழுதி படிகிறது, மாதத்துக்கு ஒருமுறை ஈரத்துணி போட வேண்டியிருக்கிறது, அந்தப் பெண்கள் என்னைத் திட்டிக்கொண்டே செய்கிறார்கள். முட்டுக்கொடுத்துத் தூக்கின சட்டம் கடையின் பெயர்ப்பலகையை மறைத்துவிட்டது. மாமாவுக்கு இதுதான் பெரிய குறை. பலகையை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு ஏற்றினோம். காற்றுக்கும் பயம் இருந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரை கடந்தபோது பறந்த ஏசிபி ஷீட்களை நான் கண்ணால் பார்த்தவன். பட்டைகளுக்கு நடுவே காற்று புகுந்து போய்விடும் என்றாலும், புயல் அறிவிப்பு வந்தால் மூன்றையும் இறக்கித் தாழ்ப்பாள் போட்டுவிட வேண்டும் என்று கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

போன ஞாயிறு நாலேகாலுக்குக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வைத்தபடியே மாமாவோடு ஐந்து நிமிஷம் பேச முடிந்தது. சேலைகள் ஸ்டாண்டிலேயே தொங்கின. பொம்மைக்குப் புதுச் சேலை, மறுபடி மெரூன். தரையில் நேர்வெயில் இல்லை, தெருவில் பட்டுப் பட்டைகளில் மோதி வந்த ஒரு வெள்ளை வெளிச்சம் மட்டும். ஒரு டியூப்லைட்டை அத்தை அணைத்துவிட்டார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. டீ வரவழைத்தார், எனக்கு மட்டும் பால் தனியாக.

அந்த நேரம் பார்த்து எதிர்வரிசை செல்போன் கடைக்காரர் வந்து, தனக்கும் இதே மாதிரி ஒன்று அடிக்க வேண்டும், பட்டறை அண்ணனிடம் சொல்லிவிடச் சொன்னார். அவர் கடை கிழக்குப் பார்த்தது. "எத்தனை மணிக்குண்ணா கடை திறப்பீங்க?" என்று கேட்டேன். பத்து, பத்தே கால் ஆகும் என்றார். பத்தே காலுக்கு அவருடைய இரண்டடி சன்ஷேடே மூன்றரை அடி நிழல் தரும், அதற்கு முன்னால் ஷட்டர் கீழே கிடக்கிறது, அதைவிட நல்ல தட்டி ஏது. இதைச் சொன்னால் நம்ப மாட்டார். அடுத்த ஞாயிறு காலை ஏழரைக்கு வந்து நில்லுங்கள், சேர்ந்தே அளந்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஏழரைக்கா என்று யோசித்தார்.